உட்கார இடம் கேட்டு ஒரு மடல்

எங்கள் தெருவுக்கு வரைபடம் போடுகிற பொறியாளர்களுக்கும், அதில் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும், எங்கள் வாசற்படியைப் பெயர்த்தீர்கள். நீங்கள் நேரில் வரவில்லை. மஞ்சள் இயந்திரம் ஒன்றும் நான்கு ஆட்களும் வந்தார்கள். மழைநீர் வடிகால் அந்த வழியாகப் போகிறதாம். போகட்டும். வடசென்னையில் இந்தப் பழைய வண்ணாரப்பேட்டைக்கு நான் வாழ வந்து முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டில்மேல் அரிசி மூட்டையை ஏற்றி, அதன் பக்கத்தில் மாமியாரை ஏற்றி, மிச்ச இடத்தில் நானும் ஏறி உட்கார்ந்திருந்தேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மாமியார் இல்லை. அரிசி மூட்டை இருந்தது. வடிகால் வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? தோண்டுங்கள், நன்றாக ஆழமாகவே தோண்டுங்கள். நான் எழுத வந்தது அந்தப் படிக்கல்லைப் பற்றி.

மூன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், கருங்கல். என் மாமனாரின் அப்பா காலத்தில் போட்டது. நடுவில் தேய்ந்து லேசாகக் குழிந்திருக்கும். மழை விட்ட பிறகும் அந்தக் குழியில் அரை டம்ளர் தண்ணீர் நிற்கும்; காக்கை வந்து குடித்துவிட்டுப் போகும். வலது ஓரம் வழவழவென்றிருக்கும், மூன்று தலைமுறையாகக் கத்தி தீட்டிய இடம். இடது ஓரத்தில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு செதுக்கியிருக்கும். யார் செதுக்கியது என்று என் மாமியாருக்கும் தெரியாது. அந்தக் கோட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடிய பிள்ளைகளில் இரண்டு பேர் இப்போது பேரன் எடுத்துவிட்டார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் பாக்கெட் போடுகிற பையன் அதில் உட்கார்ந்து கணக்கு எழுதுவான். தண்ணீர் லாரி வருகிற நாளில் எதிர்வீட்டு ஆயா ஐந்து குடத்தையும் வரிசையில் போட்டுவிட்டு வந்து உட்காருவார். லாரி எப்போது வரும் என்பது லாரிக்கே தெரியாது என்பார். பதினொரு மணிக்குத் தெரு பெருக்குகிற அம்மா. நண்பகலில் காசிமேட்டிலிருந்து வருகிற மீன்கார அக்கா, அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு முதலில் தலையிலிருக்கிற சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைப்பார், அப்புறம்தான் விலை பேசுவார். நாலரை மணிக்கு என் டியூஷன் பிள்ளைகள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே கல்லில் உட்கார்ந்து ஷூ கழற்றப் பார்த்து ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். இரவு ஒன்பதுக்குமேல் ஆண்கள். அவர்கள் பேசுவது பெரும்பாலும் அரசியல், கொஞ்சம் கடன்.

இப்போது அந்த இடத்தில் சிமெண்டில் ஒரு சரிவு போட்டிருக்கிறீர்கள். இரு சக்கர வண்டி ஏறுவதற்கு வசதியாம். எங்கள் வீட்டில் வண்டி கிடையாது. சரிவில் மனிதர்கள் உட்கார முடியாது. தெருப்பூனை இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு அதுவும் எதிர்வீட்டு மதிலுக்குப் போய்விட்டது.

அன்றைக்கு மேற்பார்வைக்கு வந்திருந்த இளைஞர் மரியாதை தெரிந்தவர். வெயிலில் நின்றிருந்தார், மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுத் தன் கைப்பேசியில் வரைபடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மின்கம்பம் இருந்தது, ஆள்நுழைவுக் குழி இருந்தது, குடிநீர்க் குழாய் நீலக் கோடாக ஓடியது, மூலையில் இருக்கிற பூவரச மரம்கூடப் பச்சை வட்டமாக இருந்தது.

“இதில் எங்கள் படி எங்கே தம்பி?”

“படி என்று தனியாக இல்லை அம்மா. ஆக்கிரமிப்பு என்று சிவப்பில் போட்டிருக்கிறது.”

அவர் சொன்னது தப்பில்லை. கல் தெருவுக்குள் ஒன்றரை அடி வந்திருக்கிறது, அளந்தால் தெரியும். ஆனால் அதே தெருவில், அதே வரிசையில், நாலு கார்கள் உறை போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கின்றன. ஒன்றின் அடியில் நாய் குட்டி போட்டு, குட்டிகள் வளர்ந்து போய்விட்டன, கார் இன்னும் நகரவில்லை. கார் நின்றால் நிறுத்தம், ஆயா உட்கார்ந்தால் ஆக்கிரமிப்பு. இந்த அகராதியை யார் எழுதினார்கள் என்று தெரிந்தால் அவருக்கும் மோர் கொடுத்துக் கேட்பேன்.

எங்கள் பக்கத்தில் உட்காருவதைக் குந்துவது என்போம். நகரத்தின் தென்பக்கத்துச் சொந்தக்காரர்கள் வந்தால் அந்தச் சொல்லைக் கேட்டு வாய்க்குள் சிரிப்பார்கள். குந்துதல் அகராதியிலேயே இருக்கிற சொல்தான். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று பழமொழி சொல்லும்போது மட்டும் அவர்களுக்கும் அது நல்ல தமிழாகிவிடுகிறது. உட்காருவதை வேலை இல்லாதவன் காரியம் என்று நினைக்கிற புத்தி அந்தப் பழமொழியிலேயே இருக்கிறதோ என்னவோ. அதே நாம்தான் வீட்டுக்கு யாராவது வந்தால் முதல் வார்த்தையாக உட்காருங்கள் என்கிறோம். சாமி கும்பிட்ட பிறகு கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால்தான் கும்பிட்டது சேரும் என்கிறோம். திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போனால், கும்பிடுகிற நேரத்தைவிட மகிழ மரத்துப் பக்கம் உட்கார்கிற நேரம்தான் எனக்கு அதிகம். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வடசென்னைக்காரர்கள் உட்காருவதற்கென்றே ஒரு பெரிய இடம் இருந்தது. கடற்கரை. நீங்கள் பொறியாளர்கள், உங்களுக்குத் தெரியாததா? இந்தக் கரையோரம் மணல் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கடலுக்குள் சுவர் நீட்டித் துறைமுகம் கட்டினார்கள். வடக்கே வர வேண்டிய மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கிலேயே தங்கிவிட்டது. தங்கிய மணல்தான் இன்றைக்கு நாம் பார்க்கிற அகலமான மெரினா. 1880-களில் கவர்னராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே உலாவுவதற்கு நடைபாதை போட்டு அதற்கு மெரினா என்று பெயரும் வைத்தார். சுவருக்கு வடக்கே எங்களுக்கு மணல் வரவில்லை, கடல் வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கரை அரித்துக்கொண்டே போயிற்று. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள், பிறகு கடலுக்குள் கல்லை நீட்டித் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவை இல்லாவிட்டால் இன்னும் எத்தனை தெரு போயிருக்குமோ, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெரினாவில் ஒரு குடும்பம் மணலில் குழி தோண்டி விளையாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் அடுத்த வீட்டில் பாயசம் பரிமாறுவதைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

எங்கள் பிள்ளைகள் கருங்கல்மேல் உட்காருகிறார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்க, அவற்றுக்கு நடுவே புகுந்து கடந்து போய்க் கல்லில் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். சாய்மானம் கிடையாது. நண்டு ஏறும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள், கல்லுக்கு ஒரு ஜோடி இருக்கும். அவர்களைக் கண்டால் திட்டுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். வேறு எங்கே போவார்கள் என்று அந்தப் பெரியவர்களைக் கேட்டால் பதில் வராது.

பூங்கா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ராயபுரத்து ராபின்சன் பூங்காவில், 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டுகிற மழையில், தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. பிறகு இந்த மாநிலத்தை ஆண்ட ஒரு கட்சி எங்கள் பகுதிப் பூங்காவில் நனைந்துகொண்டு பிறந்தது என்பதில் எங்களுக்குக் கட்சி பேதமில்லாத ஒரு பெருமை உண்டு. நான் போகிற பூங்கா வேறு, சின்னது. அதைக் காலையில் திறந்து பத்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள், மறுபடி சாயங்காலம் திறப்பார்கள். வெயில் கொளுத்துகிற நேரத்தில் நிழல் பூட்டுக்குள் இருக்கும். 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. புயலுக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவது போல இந்தப் பேரிடருக்குப் பூங்காவைத் திறந்துவிட்டால் போதுமே. சாவி காவலாளியின் இடுப்பில்தான் இருக்கிறது.

மெட்ரோ ரயில் வந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர்வரை ஓடத் தொடங்கியபோது முதல் வாரமே போனேன். தண்டையார்பேட்டை தாண்டி ரயில் நிலத்துக்கடியிலிருந்து மேலே ஏறும்போது கூரைகளுக்கு மேலே கிழக்கில் கடல் ஒரு கோடாகத் தெரியும். காலடிப்பேட்டை நிலையத்தில் நாற்காலி போட்டிருக்கிறார்கள், குளிர்ந்த காற்று வரும். காலெட் என்ற வெள்ளைக்கார கவர்னர் பெயரில் நெசவாளர்களுக்காக உண்டான ஊர், வாயில் தேய்ந்து காலடிப்பேட்டை ஆனது. எங்கள் படிக்கல் தேய்ந்த மாதிரிதான். டிக்கெட் எடுத்தால் நாற்காலி உண்டு. டிக்கெட் எடுக்காத நேரத்துக்குத்தான் இந்த மடல்.

பஸ் நிழற்குடைகளில் உட்கார வைத்திருப்பதை இருக்கை என்று சொன்னால் எழுத்துப்பிழை. இரண்டு எஃகுக் குழாய்களை முன்பக்கம் சரித்து வைத்திருக்கிறார்கள். யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படியாம். படுக்கிறவர் எப்படியும் தரையில் படுக்கிறார். உட்கார வந்தவர் வழுக்குகிறார். மே மாதத்தில் அந்தக் குழாயில் தோசை வார்க்கலாம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்பதால் என்னைப் போன்றவர்கள் முன்னைவிட வெளியே போகிறோம். போவது கூடினால் காத்திருப்பதும் கூடும் இல்லையா? மூட்டுவலிக்காரிகள் எல்லாரும் பக்கத்துக் கடையின் ஷட்டர் படியில் வரிசையாக உட்கார்ந்திருப்போம், கடைக்காரர் வரும்வரை.

ஜவுளிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டுக்கு வந்திருப்பீர்கள். வராத சென்னைக்காரர் உண்டா? அந்தப் பக்கம் ஒரு துணிக்கடையில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். பத்தாம் வகுப்புக் கணக்கில் தொண்ணூற்றொன்று வாங்கியவள். அது வேறு வருத்தம். காலை பத்து மணிக்கு ஏறினால் இரவு ஒன்பதரை. 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள் அல்லவா, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்று? கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. அங்கே துணிக்கடைப் பெண்கள் போராடிப் பெற்றது. இங்கேயும் வந்தது என்று செய்தித்தாளில் படித்த அன்றைக்கு நான் அவளுக்கு ஃபோன் செய்து வாழ்த்துச் சொன்னேன்.

போன ஆடி மாதம் பாவாடைத் துணி எடுக்க அந்தக் கடைக்குப் போனேன். ஸ்டூல் இருந்தது. வாங்கி வந்தபோது சுற்றியிருந்த பாலிதீனைக்கூடப் பிரிக்கவில்லை. அதன்மேல் ரவிக்கைத் துணிகள் நிறவாரியாக அடுக்கியிருந்தார்கள். அவள் இடது காலை எடுத்து வலது காலின்மேல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மாற்றி வைத்து, கொக்கு மாதிரி நின்றுகொண்டே எனக்குத் துணியை விரித்துக் காட்டினாள். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருட்டிக்கொண்டிருக்கிறது. இருபத்தாறு வயது.

“ஸ்டூல்தான் இருக்கிறதே, யாரும் இல்லாத நேரத்தில் உட்காரக் கூடாதா?”

“உட்காரலாம் மிஸ். கேமராவில் தெரியும்.”

சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு உட்கார்ந்திருக்கிறது. ஸ்டூலில் ரவிக்கைத் துணி உட்கார்ந்திருக்கிறது. அவள் நிற்கிறாள். சட்டம் போட்டவர்களும் வரைபடம் போடுகிறவர்களும் வேறு வேறு இலாகா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதை உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் கடையை விட்டு இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வருகிறாளே, அங்கே அவளுக்காக நீங்கள் வைத்திருப்பது அந்த வழுக்குக் குழாய்.

தெரு பெருக்குகிற அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் எங்கள் படியில் உட்கார்ந்த கதையை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் வண்டவாளமும் இருக்கிறது.

திண்ணை போயிற்றே, பழைய காலம் போயிற்றே என்று ஒப்பாரி வைக்கிறவள் அல்ல நான். எங்கள் வீட்டுக்கும் திண்ணை இருந்தது. அதை யாரும் வந்து இடிக்கவில்லை, 1994-இல் நாங்களே கம்பி அடித்து அறையாக்கினோம். அதில்தான் டியூஷன் நடக்கிறது. அதற்கு முன்பு அந்தத் திண்ணைக்கு ஒரு கணக்கு இருந்தது. திண்ணைவரை வரலாம் என்று சிலர், படியோடு நிற்க வேண்டும் என்று சிலர், தெருவிலேயே நின்று குரல் கொடுக்க வேண்டும் என்று சிலர். யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த அம்மா தன் முப்பதாவது வயதில் இந்தத் தெருவுக்கு வேலைக்கு வந்தபோது, ஒரு நாள் தலை சுற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மாமியார் உள்ளேயிருந்து பார்த்தார். முகம் மாறியது. எழுந்திரு என்று மட்டும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பதினொரு மணிக்கு அவருக்கு டீ போனது. தனி டம்ளரில்தான் போனது. இதை எழுதாமல் விட்டால் இந்த மடல் பொய். மாமியார் போன பிறகு அந்த டம்ளர் எது என்ற கணக்கும் போய்விட்டது. எந்த டம்ளர் கைக்கு வருகிறதோ அதுதான். ஆனால் டம்ளர் மாற இருபது வருடம் ஆயிற்று. கல் முதல் நாளே இடம் கொடுத்துவிட்டது.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்கு முன்னால் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பதின்மூன்று நாள். பெரும்பாலும் பெண்கள். வெயிலிலும் இடையில் வந்த மழையிலும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். பதின்மூன்றாம் தேதி நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை எழுப்பி ஏற்றிக்கொண்டு போனது. நம் தெரு பெருக்குகிற அம்மாவும் அதில் இருந்தார். திரும்பி வந்த பிறகு ஒரு நாள் படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு சொன்னார்: “இத்தனை வருடம் நின்று வேலை செய்தபோது ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை அம்மா. உட்கார்ந்ததும்தான் எல்லாருக்கும் கண் தெரிந்தது.”

இப்போது படியில்லை. டீயை நின்றுகொண்டே குடித்துவிட்டு டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிறார். இரண்டு நிமிடம். முன்பு பத்து நிமிடம் இருப்பார். அந்த எட்டு நிமிடத்தில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம், முட்டிக்குத் தைலம், எந்தத் தெருவில் யார் குப்பையோடு ஊசியைப் போடுகிறார்கள் என்பதெல்லாம் தெரியவரும்.

உணவு கொண்டுவந்து கொடுக்கிற பையன்களுக்கு அண்ணா நகரிலும் தியாகராய நகரிலும் குளிர்சாதன ஓய்வறை கட்டியிருக்கிறார்கள், 2025-இல். நல்ல காரியம், யார் செய்தாலும் கை தட்டுவேன். எங்கள் தெருமுனையில் அந்தப் பையன்கள் வண்டி மேலேயே உட்கார்ந்து, வண்டி மேலேயே சாப்பிட்டு, சில சமயம் ஹேண்டில்பாரில் தலைவைத்துத் தூங்கியும்விடுகிறார்கள். சாய்ந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும். குளிர்சாதனம்வரை போக வேண்டாம். மரத்தடியில் ஒரு பலகைக்கல் போடுங்கள்.

இனி கேரம். இதைச் சொல்லாமல் வடசென்னையிலிருந்து மடல் எழுத முடியாது. எங்கள் தெருவில் தகர டிரம் ஒன்றின்மேல் பலகையை வைத்து, மேலே ஒயரில் பல்பைத் தொங்கவிட்டு, போரிக் பவுடரைத் தூவி இரவு பத்தரைவரை ஆடுவார்கள். ஸ்ட்ரைக்கர் சுண்டுகிற சத்தம் கேட்காத இரவில் எனக்குத் தூக்கம் வருவதில்லை. சத்தம் என்று புகார் கொடுக்கிற புது வாடகைக்காரர்களும் உண்டு, அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அதற்கு முந்திய தலைமுறையில் சென்னைக்காரரான மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன் ஆகி, அர்ஜுனா விருதும் வாங்கினார். காசிமாவின் செய்தி வந்த மறுநாள் என் டியூஷனுக்கு வந்த ஏழாம் வகுப்புப் பெண்கள் மூன்று பேர் ஹோம்வொர்க்கை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஆண் பிள்ளைகளிடமிருந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டார்கள். சண்டை நடந்தது. பெண்கள் ஜெயித்தார்கள். அவர்கள் ஆடுவதற்கு உட்கார்ந்த இடம் எது என்று நினைக்கிறீர்கள்? பலகையைப் படிக்குப் பக்கத்தில் நகர்த்தி, ஒரு பக்கத்துக்குக் கல்லும் மற்ற மூன்று பக்கத்துக்குக் குடமும் வாளியும் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார்கள். எந்த வரைபடத்திலும் அது விளையாட்டுத் திடல் அல்ல.

உங்களிடம் கேட்பது பெரிய தொகை இல்லை. முதுகில் பெரிய எழுத்தில் உபயம் எழுதி, உட்காருகிறவரைவிட எழுதியவர் பெயர் பெரிதாகத் தெரிகிற சிமெண்ட் பெஞ்சு வேண்டாம். முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் போதும். தாழ்வாகப் போட்டால் ஆயாக்கள் எழுந்திருக்க முடியாது, அதைக் கவனியுங்கள். ரேஷன் கடை வரிசைக்குப் பக்கத்தில் ஒன்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று. அரசு மருத்துவமனை வாசலில் எத்தனை முடியுமோ அத்தனை, அங்கே உள்ளே ஒருவர் படுத்திருந்தால் வெளியே நான்கு பேர் தரையில் இருக்கிறார்கள். பஸ் நிறுத்தத்தில் அந்தக் குழாயைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டால் வருகிற காசிலேயே பலகை வாங்கலாம். வடிகாலுக்கு மூடி போடும்போது சில இடங்களில் மூடியை அரை அடி உயர்த்திப் போட்டாலே அது திண்ணையாகிவிடும். அடியில் மழைநீர் போகட்டும், மேலே மனிதர் இருக்கட்டும். இது பொறியியலில் முடியுமா என்று அந்த மோர் குடித்த தம்பியிடம் கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு, “முடியும் அம்மா, மேலே எழுதிக் கேட்க வேண்டும்” என்றார். மேலே என்பது நீங்கள்தான் என்று நினைத்து எழுதுகிறேன். உங்களுக்கும் மேலே யாராவது இருந்தால் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

அந்தக் கல் உடையவில்லை. நான்கு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் அடிபம்புக்குப் பக்கத்தில், பூவரச மரத்தடியில், இடிபாட்டோடு சேர்த்துப் போட்டார்கள். மல்லாக்கப் போட்டதில் ஆடுபுலி ஆட்டம் மேலேயே இருக்கிறது. முதல் வாரம் ஒருவரும் சீண்டவில்லை. இரண்டாவது வாரம் பால்காரப் பையன் உட்கார்ந்தான். அப்புறம் எதிர்வீட்டு ஆயா, குடங்களோடு. நேற்று மீன்கார அக்கா கூடையை அங்கே இறக்கி வைத்துவிட்டு என்னை அங்கிருந்தே கூப்பிட்டார், சங்கரா வந்திருக்கிறது என்று. முப்பதடி நடந்து போய் மீன் வாங்கினேன். அங்கே என்னைவிட வயதான இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

வருகிற வியாழக்கிழமை இடிபாடு அள்ள லாரி வருகிறதாம். செங்கல், ஜல்லி, உடைந்த குழாய் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கல்லை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அடியில் ஒரு பக்கம் ஆடுகிறது. ஆட்கள் வரும்போது ஒரு கை ஜல்லி கொடுத்து நிறுத்திவிட்டுப் போனால் நல்லது. மோர் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து
ஒரு டியூஷன் ஆசிரியை